முதியோர் நலமும் மஹல்லாவின் பொறுப்பும்

பெற்றோரைப் பேணுதல் ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் சுமத்தப்பட்ட கடமையாகும். முதுமை எய்திய தாய் தந்தையரை நோக்கிச் சலிப்பின் சிறு சொல்லையும் கூறலாகாது என்று திருமறையின் 17-ஆம் அத்தியாயம் தடுத்திருப்பதை அறியாதார் நம்முள் இலர். ஆயினும், பேண வேண்டிய பிள்ளைகள் கடலுக்கு அப்பால் வாழ நேர்ந்தால், முதியவரின் அருகிலிருந்து உதவுவோர் யார்? இவ்வினா இன்று நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு எழுந்துள்ளது.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி அறுபது வயதை எட்டியோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழகத்திலோ 10.4 பேர். 2031-இல் தமிழகத்தில் இவ்விகிதம் 18-ஐத் தாண்டும் என மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழு கணித்துள்ளது. ஆயுள் நீண்டது, பிறப்பு குறைந்தது. முன்னர் ஐந்தாறு மக்கள் பகிர்ந்துகொண்ட பணியை இனி ஒருவரோ இருவரோ தாங்க வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் இதனுடன் மற்றொன்றும் சேர்கிறது. 1970-களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற இளைஞர்கள் இன்று எழுபது வயதை ஒட்டியோ கடந்தோ நிற்கின்றனர். அந்நாடுகளில் உழைத்த அயலாருக்குப் பணி முடிவில் ஒருமுறை வழங்கப்பட்ட தொகையன்றி ஓய்வூதியம் பொதுவாகக் கிடையாது. அவர்கள் ஊர் திரும்பினர். அவர்தம் மக்கள் அதே வழியில் புறப்பட்டுச் சென்றனர். மாதந்தோறும் பணம் தவறாது வருகிறது. ஆனால் நள்ளிரவில் வாப்பாவுக்கு மூச்சுத் திணறினால் மருத்துவரை அழைத்துவர ஆளில்லை. கண் மங்கிய உம்மாவுக்கு எந்த மாத்திரை காலைக்குரியது, எது இரவுக்குரியது என எடுத்துக் கொடுப்பாரில்லை. அன்புக்கோ பணத்துக்கோ அங்குக் குறைவில்லை. உடனிருக்கும் மனிதர்தாம் இல்லை.

முதியோரைக் காப்பது சமுதாயத்தின் கூட்டுப் பொறுப்பு என்பது நமக்குப் புதிய செய்தியன்று. யூதரான முதியவர் ஒருவர் வீதியில் யாசிக்கக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பைத்துல்மாலிலிருந்து அவருக்கு உதவி வழங்கச் செய்த வரலாறு நாம் அறிந்ததே. அவருடைய பிள்ளைகள் எங்கே என்று கேட்டு அவர்கள் வாளாவிருந்துவிடவில்லை.

நம் அண்டை மாநிலத்தில் இதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கப்பட்ட வலி தணிப்புச் சிகிச்சைப் பணி, மலப்புறம் மாவட்டத்துக்குப் பரவியபோது மக்கள் இயக்கமாகவே மாறியது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்க இசைந்த சாதாரண மக்களுக்குப் பயிற்சியளித்தனர். கடைகளிலும் வீடுகளிலும் சிறு தொகைகள் திரட்டினர். படுக்கையில் கிடந்தோரை இல்லம் தேடிச் சென்று கவனித்தனர். 2008-இல் கேரள அரசு இதனைக் கொள்கையாகவே ஏற்று, ஊராட்சிகளையும் இப்பணியில் ஈடுபடுத்தியது. மாளிகை எழுப்பியன்று, மனிதரின் நேரத்தைத் திரட்டியே அவர்கள் இதனைச் சாதித்தனர்.

இத்தகைய ஆற்றல் நம் ஜமாஅத்துகளுக்கும் உண்டு. ரமலான் முப்பது நாளும் நோன்புக் கஞ்சி காய்ச்சி, முறை வைத்துச் செலவைப் பகிர்ந்து, ஊர் முழுமைக்கும் வழங்குகிறோமல்லவா? அந்த ஒழுங்கை எஞ்சிய பதினொரு மாதங்களிலும் முதியோர்பால் செலுத்துதல் வேண்டும்.

முதற்பணி கணக்கெடுப்பே. சந்தாவுக்கும் நிக்காஹுக்கும் ஏடு வைத்திருக்கும் பள்ளிவாசல், தனித்து வாழும் முதியோர், அவர்தம் நோய், அவசரத்தில் அழைக்க வேண்டிய உறவினர் ஆகியவற்றைக் குறிக்கும் ஏடு ஒன்றையும் வைக்க வேண்டும். அடுத்து, தெருவுக்கு நால்வர் வாரம் ஒருமுறை அவர்களைக் கண்டு வருதல் வேண்டும். தனித்திருக்கும் பெண்களின் இல்லங்களுக்குப் பெண்களே செல்ல வேண்டுமாதலின், இத்திட்டத்தை வகுப்பதிலும் பெண்கள் இடம்பெறுதல் இன்றியமையாதது. தமிழகத்தில் 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகைக்கு ஏழை முதியவர் விண்ணப்பிக்க, படித்த இளைஞர் துணைநிற்கலாம். பள்ளியின் படிக்கட்டில் ஒரு கைப்பிடி, ஒளூச் செய்யுமிடத்தில் வழுக்காத தளம் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

இவற்றால் பிள்ளைகளின் கடமை நீங்கிவிடாது. பெற்றோரையும் முதியோரையும் பராமரிக்க 2007-ஆம் ஆண்டின் சட்டமும் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. தொலைவிலுள்ள மகன் பணம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், ஊரின் ஏற்பாட்டிலும் பங்கேற்க வேண்டும்.

இன்று ஜுமுஆ முடிந்து வெளியேறும்போது, சென்ற ஆண்டு நம் அருகில் தொழுது, இவ்வாண்டு வர இயலாது வீட்டில் முடங்கிய பெரியவர் ஒருவரை நினைவுகூர்வோம். இல்லம் திரும்புமுன் அவரது கதவைத் தட்டி ஸலாம் உரைப்போம். மஹல்லாவின் ஏட்டில் எழுத வேண்டிய முதற் பெயர் அங்கே கிடைத்துவிடும்.