வெயிலும் சிரமதானமும்

சித்திரை பிறந்தால் ஏரி குளங்களைத் தூர்வாரும் பேச்சும் கூடவே பிறந்துவிடுகிறது. பெரிய காஞ்சிபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் நம் சங்க அங்கத்தினர்கள் மண்வெட்டியும் கூடையுமாகக் கரைக்குச் செல்வதை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கிறோம். அந்த மகிழ்ச்சியோடு ஒரு மனக்குறையும் நமக்கு உண்டு. அதை மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வேலையை வெயில் தணிந்த பிறகு செய்தால் என்ன என்று கேட்கலாம். இயலாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, வயல்களுக்கு நீர் விட்டு ஓய்ந்து, பங்குனி சித்திரையில்தான் தரை காட்டுகிறது. வண்டலை வெட்டவும், மதகைச் செப்பனிடவும், சீமைக் கருவேலத்தை வேரோடு அகழவும் அந்தச் சில வாரங்களே உண்டு. ஆகவே கத்திரி வெயிலையும் ஏரி வேலையையும் பிரிக்க முடியாது. விவசாயிக்கு வண்டல் உரமாகிறது. நெசவாளருக்கு என்ன லாபம் என்பார்க்குச் சொல்வோம்: பட்டின் கோந்தை நீக்கவும் சாயம் தோய்க்கவும் கிணற்றில் நீர் வேண்டுமே!

இது புதிய தொண்டும் அன்று. நமக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகக் கூறுகிறது. குடிமராமத்து என்ற ஊர் வழக்கத்தை 1858-இல் ஆங்கில ஆட்சி கட்டாய உழைப்புச் சட்டமாகவே ஆக்கிற்று. 2017-இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் தொடங்கிய திட்டத்தின் முதல் மண்வெட்டி நம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் விழுந்தது.

சென்ற கோடையில் நாம் கண்டதைச் சொல்கிறோம். காலை ஆறு மணிக்கு என்று அறிவித்த வேலை, விருந்தினர் வந்து மாலை ஏற்று, புகைப்படம் எடுத்து முடிய ஒன்பதரைக்குத்தான் தொடங்கிற்று. பதினோரு மணிக்கு ஓர் இளம் நெசவாளர் கூடையோடு சரிந்தார். ஆண்டு முழுதும் வீட்டு நிழலில் குழித்தறியில் அமர்பவர் அவர். வியர்வை நின்று, பேச்சுக் குழறிற்று. களைப்பு என்றே பலரும் எண்ணினோம். விவசாயக் குடும்பத்து மூதாட்டி ஒருவர்தாம் அவரை நிழலுக்கு இழுத்துவரச் செய்து, தலையிலும் மார்பிலும் நீர் ஊற்றி, வண்டி பிடிக்கச் சொன்னார். பிழைத்துக்கொண்டார். ஆனால் பத்து நாள் தறியில் உட்கார முடியவில்லை. புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் பத்து நாள் என்பது என்னவென்று அங்கத்தினர்களுக்கு நாம் விளக்க வேண்டுமோ? அன்று நேரத்தைக் காக்கத் தவறியவர்களில் நாமும் சேர்த்திதான்.

தெருவில் பாவு நீட்டுகிறவர்கள் விடியுமுன்னே எழுந்து, வெயில் ஏறுமுன் பாவைச் சுருட்டி உள்ளே எடுத்துவிடுகிறார்கள். நூலுக்குக் காட்டும் இந்தப் பரிவை ஆளுக்குக் காட்டினால் போதும். வேலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிய வேண்டும். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும்! வெயிலுக்கு உடல் பழக ஒன்றிரண்டு வாரமாகும் என்பது மருத்துவர் கூற்று. ஆகவே தறியிலிருந்து வருகிறவர் முதல் வாரத்தில் ஒரு மணி நேரம் மண் சுமந்தால் போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம். கரையில் ஓலைப்பந்தலும் உப்பிட்ட நீர்மோரும் வேலைக்கு முன்பே வந்திருக்க வேண்டும். பேச்சுக் குழறினாலோ தள்ளாடினாலோ அவரை உடனே குளிர்வித்து மருத்துவமனை சேர்க்கப் பொறுப்பாக ஒருவர் மண்வெட்டி தொடாமல் நிற்கட்டும். அது சோம்பல் ஆகாது.

"எங்கள் பாட்டன் வெட்டாத வெயிலா?" என்பார்கள். பாட்டன் உச்சிவேளையில் புளியமரத்தடியில் படுத்திருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது.

இன்னும் ஒன்று. சிரமதானத்தில் நோயுற்ற அங்கத்தினருக்கு, தறி நின்ற நாட்களின் கூலியில் பாதியையேனும் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து கொடுக்க விதி இடம் தருகிறதா என்று நிர்வாகக் குழு ஆராய வேண்டும். இடமில்லையெனில், ஏரியில் இறங்கும் நாளுக்கு முன் பொதுப் பேரவையில் அதற்கான தீர்மானத்தை நாமே கொண்டுவருவோம்.