புண் ஆறட்டும் என்று காத்திருக்கலாமா?

கணுக்காலுக்குச் சற்று மேலே, உட்புறமாக, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண். மாதக்கணக்கில் ஆறவில்லை. மஞ்சள் பத்து போட்டாயிற்று. மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவியாயிற்று. சர்க்கரை இருக்குமோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. 'நரம்பு சுருட்டிக்கிட்டதால வந்த புண்' என்பார்கள் அக்கம்பக்கத்தில். சுருட்டிக்கொண்டது நரம்பு அல்ல, சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். பெயர்தான் தவறு, காரணம் பெரும்பாலும் சரி. டாக்டர்கள் இதை வெரிகோஸ் வெயின் என்கிறார்கள்.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏற, ஆடுசதை சுருங்கிப் பிழிந்து தள்ள வேண்டும். ஏறியது மறுபடி இறங்காமலிருக்க, சிரைக்குள் ஒருவழிக் கதவுகள் போல வால்வுகள் உண்டு. அவை பழுதானால் ரத்தம் கீழேயே தேங்கும். முதலில் வீக்கம், பிறகு அரிப்பு, தோல் கறுத்துத் தடித்துப்போதல், கடைசியில் ஒரு சின்னச் சிராய்ப்புகூட ஆறாத புண்ணாகிவிடும். மணிக்கணக்கில் நிற்பவர்களுக்குத் தொல்லை அதிகம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள்!

'முதல்ல புண் ஆறட்டும், அப்புறம் சிரையைப் பார்த்துக்கலாம்.' வீட்டில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் இதுதான் வழக்கமாக இருந்தது. அது சரிதானா என்று பிரிட்டனில் 20 மையங்களில் 450 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். எல்லோருக்கும் காலில் அழுத்தக் கட்டு உண்டு. பாதிப் பேருக்கு இரண்டு வாரத்துக்குள் சிரைக்கும் சிகிச்சை. மீதிப் பேருக்குப் புண் ஆறிய பிறகு, அல்லது ஆறு மாதம் ஆறாமலிருந்தால். 2018-ல் முடிவு வெளியானது. சீக்கிரம் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 56 நாட்களுக்குள் புண் ஆறிவிட்டது. காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாட்கள் ஆயின. தினமும் கட்டுப் பிரித்துக் கட்டியவர்களுக்குத் தெரியும், 26 நாட்கள் எவ்வளவு நீளம் என்று.

சிகிச்சை என்றதும் பழைய காலத்து ஆபரேஷனை நினைத்துப் பயப்பட வேண்டாம். டாப்ளர் ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் அதை மூடிவிடுகிறார்கள். காலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். பெரும்பாலும் அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். நுரை மருந்து ஊசியும் உண்டு. ஆனால், சாதாரண வெரிகோஸுக்கு இந்த முறைகளை ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஐந்தாண்டு ஆய்வில், லேசரும் ஆபரேஷனும் நுரையைவிட நல்ல பலன் தந்தன.

லேசர் செய்துவிட்டோமே, கட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த 450 பேரும் கட்டுப் போட்டவர்கள்தான். அதே சமயம், ஆன்லைனில் இறுக்கமான காலுறை வாங்கி நீங்களாகவே மாட்டிக்கொள்வதும் ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியிலேயே அடைப்பு இருக்கலாம். அந்தக் காலை இறுக்கினால் வருகிற கொஞ்ச ரத்தமும் நின்றுபோகும். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டாலே இதை ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். வலி இல்லாத, சில நிமிட வேலை. கட்டுப் போடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: புடைத்த சிரை குளியலறையில் பட்டென்று வெடித்து ரத்தம் பீறிட்டால், எழுந்து ஓடாதீர்கள். அங்கேயே படுத்துக் காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ரத்தம் மட்டுப்பட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நிற்கவில்லை என்றால், அழுத்திப் பிடித்தபடியே 108-ஐ அழையுங்கள்.