கொச்சைத் தமிழ் என்னும் பழி

செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் பழங்குடியினர் பேசுவது கொச்சைத் தமிழ், அதற்கென்று இலக்கணம் கிடையாது, பாம்புப் பெயர்களையும் மூலிகைப் பெயர்களையும் தாண்டி அதில் ஆராய ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. டீக்கடைப் பேச்சோடு அது நிற்பதில்லை. வகுப்பறைக்கும் அரசு அலுவலகத்துக்கும் போகிறது. பழங்குடி மொழிகளுக்காகவே கூட்டப்படும் கருத்தரங்குகளுக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. அது தவறான நம்பிக்கை. தவறு என்பதோடு, ஒரு மக்களின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டிய காலத்தையும் அது வீணடித்திருக்கிறது.

இந்த நம்பிக்கை எழுத்தில் ஏறி வெகுகாலம் ஆகிறது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கை, செங்கல்பட்டுப் பகுதி இருளர்களின் பேச்சைச் சிதைந்த தமிழ் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற ஏழு தொகுதி நூலில் அந்த வரியை அப்படியே எடுத்தாண்டார். தர்ஸ்டன் மக்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்தவர். மொழியை அளக்கும் கருவி எதுவும் அவர் கையில் இல்லை. கிரியர்சன் நடத்திய இந்திய மொழியாய்வும் சென்னை மாகாணத்தில் களப்பணி செய்யவில்லை. ஆக, யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதாத ஒரு பேச்சின் மீது ஒரு கணக்கெடுப்பு அறிக்கை தீர்ப்பு எழுதியது. பின்னால் வந்தவர்கள் அதைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள்.

கேட்டு எழுதியவர்களும் உண்டு. ஜெரார் டிஃப்லோத் 1968இல் இருள மொழியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார். செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1973, 1979, 1982 ஆகிய ஆண்டுகளில் அம்மொழியைப் பற்றி மூன்று பகுதிகள் வெளியிட்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பெரியாழ்வார் அதன் இலக்கணத்தை எழுதினார். தமிழுக்கு நெருங்கிய உறவுடைய, ஆனால் தனக்கென ஒலியமைப்பு கொண்ட தென் திராவிட மொழி அது என்பது இவற்றால் தெளிவானது. நடு நாவில் எழும் உயிரொலிகள் அதில் உண்டு. குடகு மொழியிலும் தோடர் மொழியிலும் அத்தகைய ஒலிகள் உள்ளன. கொச்சையாகப் பேசுவதால் மட்டும் இப்படியோர் ஒலியமைப்பு உருவாகிவிடாது. ஆனால் இந்த உழைப்பு பெரும்பாலும் நீலகிரியையும் மேற்கு மலைகளையும் சார்ந்தே நடந்தது. செங்கல்பட்டுச் சமவெளிக்கும் மாமல்லபுரக் கரைக்கும் 1901ஆம் ஆண்டின் வரியே மிஞ்சியது.

சமவெளி இருளர் பேச்சு மலை இருளர் பேச்சைவிடத் தமிழோடு அதிகம் கலந்தது என்பது உண்மைதான். அதற்காக அதைக் கொச்சை என்று தள்ளிவிட முடியாது. எழுத்துத் தமிழிலிருந்து விலகுவது கொச்சை என்றால், செங்கல்பட்டில் பிறந்த யாரும் தப்ப முடியாது. ‘வந்துகொண்டு’ அங்கே ‘வந்துகினு’ ஆகிறது. ‘இருக்கிறது’ சிலர் வாயில் ‘கீது’ ஆகிறது. ‘கொண்டு’ எங்கெல்லாம் துணைவினையாக வருகிறதோ அங்கெல்லாம் ‘கினு’ வரும். போய்கினு, பார்த்துகினு, தூங்கிகினு. இது ஒழுங்கு, விதி. இதே ஒழுங்கு நில உடைமைக் குடும்பத்தார் வாயில் வந்தால் வட்டார வழக்கு என்றும், இருளர் வாயில் வந்தால் சிதைவு என்றும் சொல்லப்படுகிறது. அங்கே எடைபோடப்படுவது மொழியல்ல, பேசுகிறவரின் சமூக நிலை.

இந்த நம்பிக்கை தனக்குத் தானே சான்று தயாரித்துக்கொள்ளும் விதத்தைத்தான் கருத்தரங்குகள் கவனிக்கத் தவறுகின்றன. வெளியூர் ஆய்வாளர் சொற்பட்டியலோடு குடியிருப்புக்கு வருகிறார். ‘தலைக்கு என்ன சொல்வீர்கள், தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள்’ என்று தமிழில் கேட்கிறார். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் தலைமுறை தலைமுறையாக முதலாளிகளுக்கு அவர்கள் மொழியிலேயே பதில் சொல்லிப் பழகியவர்கள், இவருக்கும் இவர் மொழியிலேயே பதில் சொல்கிறார்கள். பட்டியல் நிரம்புகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு சொல் தமிழ் என்று கட்டுரை எழுதப்படுகிறது. அந்நியர் முன் பேச்சு மாறும் என்பதைச் சமூக மொழியியலில் வில்லியம் லபோவ் அரை நூற்றாண்டுக்கு முன்பே விளக்கிவிட்டார். தாயும் பிள்ளையும் தமக்குள் பேசுவதும், மாமியாரும் மருமகளும் சண்டை போடுவதும், கூலி குறைந்த அன்று ஆண்கள் தமக்குள் புலம்புவதும் எந்தச் சொற்பட்டியலிலும் சிக்காது. சொல்லைவிட வினைமுற்றும் வேற்றுமையும் வாக்கியத்தின் ஓட்டமுமே ஒரு மொழியின் தனித்தன்மையைக் காட்டும். அவை தொடர்ச்சியான பேச்சில் மட்டுமே கிடைக்கும்.

கணக்கெடுப்பிலும் இதே சுழல்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு இருளர் தொகை 1,89,000க்கு மேல். இருள மொழியைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுவதிலும் சுமார் 12,000 பேர். அவர்களும் தமிழ் என்ற தலைப்பின் கீழேயே சேர்க்கப்பட்டார்கள். மற்ற எல்லோரும் இருள மொழி பேசுகிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் தன் பேச்சு கொச்சை என்று நூறாண்டாகச் சொல்லப்பட்ட ஒருவர், கணக்கெடுப்பாளரிடம் ‘தமிழ்’ என்று சொல்வதில் வியப்பில்லை. அந்தப் பதிலை மொழி அழிந்ததற்கான சான்றாக மேடையில் காட்டுவது பொறுப்பற்ற செயல்.

அடுத்தது பாம்பு. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்புப் பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் 1978இல் தொடங்கப்பட்டது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்ட பின் பிழைப்பிழந்தவர்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து நஞ்செடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கு அந்த நஞ்சு அடிப்படை. இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடிக்க உதவினார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இது பெருமைக்குரிய அறிவு, ஐயமில்லை. ஆனால் இந்தத் தொழில் சில நூறு பேருடையது. மற்றவர்கள் சவுக்கு வெட்டுகிறார்கள், ஏரியிலும் கழிமுகத்திலும் மீனும் நண்டும் பிடிக்கிறார்கள், சூளையில் கல் அறுக்கிறார்கள். தண்டரையில் இருளர் பெண்கள் 1986 முதல் தங்கள் சங்கத்தின் மூலம் மூலிகை வளர்க்கிறார்கள். ஒரு மக்களின் மொழியைப் பாம்புச் சொல்லகராதியாகச் சுருக்குவது, பாராட்டின் வடிவில் வரும் அதே இழிவு.

நரிக்குறவரையும் இருளரையும் ஒன்றாக எண்ணும் வழக்கமும் அதே அலட்சியத்தின் கிளை. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் இரு மக்களும் வாழ்கிறார்கள். 2021 நவம்பரில் முதலமைச்சர் அங்கே போய் இரு மக்களுக்கும் பட்டா வழங்கினார். நரிக்குறவர் பேசும் ‘வாக்ரி போலி’ ஓர் இந்தோ ஆரிய மொழி என்று சீனிவாச வர்மா 1970இலேயே நூல் எழுதிவிட்டார். ஒரே ஊரில் இரு மொழிக் குடும்பங்கள் இருப்பது எந்த மொழியியலாளருக்கும் கிடைத்தற்கரிய களம்.

கொச்சை என்ற பழிக்கு மறுப்பாகக் கிளம்பும் இன்னொரு வாதமும் ஏற்கத்தக்கதல்ல. காட்டு மக்கள் ஆதித் தமிழைக் கலப்பின்றிக் காத்து வைத்திருக்கிறார்கள் என்கிறது அது. எந்த மக்களின் பேச்சும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தோல் வணிகரோடும் பண்ணையாரோடும் வனத்துறையோடும் பேசி வாழ்ந்தவர்களின் மொழி மாறாமல் இருந்திருக்க வழியில்லை. முதல் வாதம் அவர்களை மொழியற்றவர்கள் என்கிறது. இரண்டாவது அவர்களை வரலாறற்றவர்கள் என்கிறது.

இவை மேடைப் பேச்சாக மட்டும் முடிந்தால் கேடு குறைவு. பழங்குடிச் சான்றிதழ் கேட்பவரின் பழக்கவழக்கம், தெய்வம், சடங்கு ஆகியவற்றை ஆராய வேண்டும் என்று 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. அந்த ஒப்புமைச் சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக் கூடாது என்று 2023இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இடையில் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள். பாம்பு பிடிக்காத, நகரத்துத் தமிழ் பேசும் ஓர் இருளர் மாணவி இருளர்தானா என்ற ஐயத்துக்கு, கருத்தரங்குகள் பரப்பும் வார்ப்புச் சித்திரமே தீனி போடுகிறது.

செய்ய வேண்டியது எட்டாத வேலையல்ல. மாசி மகத்தன்று பல மாவட்ட இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். திருமணமும் காதுகுத்தும் அங்கேயே நடக்கின்றன. வெவ்வேறு ஊர்ப் பேச்சுகள் ஒரே மணலில் சந்திக்கும் நாள் அது. அவர்கள் சம்மதத்தோடு, அவர்களிலேயே படித்த இளைஞர்களுக்கு ஒலிப்பதிவும் எழுத்துப்பெயர்ப்பும் கற்றுக்கொடுத்து, உரிய ஊதியம் தந்து, மூன்று தலைமுறையினரின் இயல்பான பேச்சைப் பதிய வேண்டும். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்துக்கு ஒரு படி போகட்டும், குடியிருப்புக்கு ஒரு படி வரட்டும். கருத்தரங்கில் வாசிக்கும் கட்டுரை அச்சேறும் முன் தமிழில் அந்த மக்களிடம் வாசிக்கப்பட வேண்டும். அவர்கள் மறுக்கும் வரிகளை மறுப்போடு சேர்த்தே வெளியிட வேண்டும்.