ஜோடிகளைப் பிரிக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் வட்டாரத்தில் அண்மையில் பள்ளி மாணவர்களுக்கு இறகுப்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. ஒற்றையரில் வென்றவருக்கு 5,000 ரூபாய். இரட்டையரில் வென்ற ஜோடிக்கு 3,000 ரூபாய். அதையும் இருவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நுழைவுக் கட்டணத்தை மட்டும் தலைக்கு இவ்வளவு என்று இருவரிடமும் வாங்கினார்கள். பணத்தைக்கூட விட்டுவிடலாம். ஒற்றையரில் தோற்றவர்களை அங்கேயே இரண்டிரண்டு பேராகச் சேர்த்து இரட்டையர் ஆடவைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நெடுநாள் சேர்ந்து பயிற்சி செய்த இரு மாணவிகளை, வேறு வேறு பள்ளி என்று சொல்லிப் பிரித்துவிட்டார்கள்.

தென்காசியிலும் குற்றாலத்திலும் மாலையில் எந்த ஷட்டில் கோர்ட்டுக்குப் போனாலும் நான்கு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். பெரியவர்கள் ஆடுவதெல்லாம் டபுள்ஸ். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது மட்டும் சிங்கிள்ஸ். அதில் தேறாதவனுக்குத்தான் டபுள்ஸ் என்ற எண்ணம் பயிற்சியாளர்களிடமே இருக்கிறது.

இரண்டும் வேறு வேறு ஆட்டம். ஒற்றையருக்கு 5.18 மீட்டராக இருக்கும் ஆடுகள அகலம் இரட்டையருக்கு 6.1 மீட்டர். ஆனால் சர்வீஸ் விழவேண்டிய எல்லை பின்கோட்டிலிருந்து 76 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடும். அடிக்கும்போது ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். தடுக்கும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில். நெட்டுக்கு யார் ஓடுவது என்று கேட்டுக்கொள்ள நேரமே இருக்காது. அந்தப் புரிதல் வர ஆண்டுகள் ஆகும்.

இந்திய இரட்டையர் வீரர் சாத்விக்சாய்ராஜ் பிறந்த அமலாபுரம் ஒன்றும் பெருநகரம் அல்ல. மும்பைக்காரரான சிராக் ஷெட்டியுடன் அவரைச் சேர்த்துவைத்தவர் மலேசியப் பயிற்சியாளர் டான் கிம் ஹெர். இருவருமே பின்களத்திலிருந்து ஓங்கி அடிப்பவர்கள். எப்படிப் பொருந்துவார்கள் என்ற சந்தேகம் அன்று இருந்தது. ஆனாலும் அவர்களைப் பிரிக்கவில்லை. 2022இல் இந்திய அணியோடு தாமஸ் கோப்பை, 2023இல் ஆசிய விளையாட்டுத் தங்கம், அதே ஆண்டு அக்டோபரில் உலகத் தரவரிசையில் முதலிடம், பிறகு கேல் ரத்னா விருது.

இந்த உயரத்திலும் இரட்டையர் வாழ்க்கை கடினமானதுதான். 2023 இந்தோனேசிய ஓப்பனில் ஒற்றையர் வெற்றியாளருக்கு 87,500 டாலர். பட்டம் வென்ற இந்த ஜோடிக்கு 92,500. ஆளுக்கு 46,250தான். ஒருவருக்குக் காயம் என்றால் மற்றவரும் உட்கார வேண்டியதுதான். பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப் பிறகு சாத்விக்கின் காயத்தால் 2024 நவம்பர் வரை இந்த ஜோடி களமிறங்கவில்லை.

ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் 2011இல் மகளிர் இரட்டையரில் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம் வென்றவர்கள். 2013இல் இந்தியன் பேட்மிண்டன் லீக் ஏலத்தில் அவர்களுடைய அடிப்படை விலையை 50,000 டாலரிலிருந்து 25,000 ஆக்கினார்கள். அந்த லீக்கில் மகளிர் இரட்டையர் ஆட்டமே இல்லை. அந்த அவமதிப்பின் சிறிய வடிவத்தைத்தான் நம் ஊர்ப் பிள்ளைகளும் இன்று அனுபவிக்கிறார்கள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூனில் குற்றாலச் சீசன் தொடங்கிவிட்டால் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும். திறந்தவெளியில் இறகுப்பந்து ஆட முடியாது. கூரை போட்ட கோர்ட்டில்தான் பயிற்சி; அதற்கு வாடகை கொடுத்து மாளாது. இருக்கிற ஒரு கோர்ட்டில் இருவருக்குப் பதில் நான்கு பிள்ளைகள் ஆடலாமே! இதைக்கூட ஏன் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள்?

போட்டி நடத்துபவர்களுக்கு என் கோரிக்கை இதுதான். இரட்டையருக்கு முன்கூட்டியே ஜோடியாகப் பெயர் வாங்குங்கள். விதி அனுமதிக்கும் இடங்களில் வேறு பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து ஆட விடுங்கள். ஒற்றையர் வெற்றியாளருக்குத் தரும் தொகையை ஜோடியில் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். மாவட்ட நிர்வாகம் சாரல் மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூரையுள்ள ஆடுகளம் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த போட்டிக்கான அறிவிப்பிலேயே இவற்றைப் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மேலகரம், தென்காசி