பதிவேட்டில் ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர்

அண்மையில் மயிலாப்பூரில் ஒரு திருமுழுக்கு விழாவில் கலந்துகொண்டோம். குடும்பத்தின் முதற் பேரன். அருட்பணியாளர் வழக்கம்போல் குழந்தையின் பெயரை வினவ, தந்தை "சூசை" என்றார். மறைந்த பாட்டனாரின் பெயர் அது. முன்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டியின் கண்கள் கசிந்தன. அடுத்த நொடியே தாய் தாழ்ந்த குரலில், "அது பதிவேட்டுக்கு மட்டுந்தான், ஃபாதர், கூப்பிடுகிற பெயர் வேறே" என்றார். கூடியிருந்தோர் சிரித்தனர். பாட்டி மட்டும் சிரிக்கவில்லை.

மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழில் ஏற்றப்பட்டிருந்த அந்த வேறு பெயரின் பொருள் யாதென விருந்தின்போது கேட்டோம். பெற்றோர் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். இறுதியில் தந்தை, "பொருள் ஒன்றும் தெரியாது. கேட்க நன்றாக இருக்கிறது. அதைக் கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது" என்றார்.

யாருக்கும் எதுவும் தெரியாது! இச்சொற்கள் இன்றளவும் நம் நெஞ்சைக் குடைகின்றன. எது தெரியலாகாது? யாருக்குத் தெரியலாகாது? ஒரு குழந்தை பிறந்த சில மாதங்களுக்குள்ளாகவே அதன் பெற்றோர் அதற்காக மறைக்க முற்பட்ட அந்த ஒன்று எது? விடை எல்லாருக்கும் தெரியும். அக்குழந்தை கிறிஸ்தவன் என்பதே அது.

இவ்வச்சம் காற்றிலிருந்து பிறந்ததென்று நாம் சொல்ல மாட்டோம். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் அறிவார்கள். தொலைபேசியில் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், காலையில் காலியாக இருந்த வீடு நண்பகலில் நிரம்பிவிடுவதுண்டு. நமக்கும் அவ்வாறு நேர்ந்ததுண்டு. பெயர் ஒருவனுக்கு முன்னதாகவே சென்று கதவைத் தட்டுகிறது. சில கதவுகள் அதைக் கேட்டே தாழிடப்படுகின்றன.

நாடறிந்த ஒரு நிகழ்ச்சியை இங்கு நினைவுகூரலாம். 2017 அக்டோபரில் 'மெர்சல்' திரைப்படம் வெளிவந்தது. அதில் சரக்கு மற்றும் சேவை வரியைப் பற்றி இடம்பெற்ற உரையாடல் பாரதீய ஜனதா கட்சியினருக்குச் சினமூட்டியது. அக்கட்சியின் தேசியச் செயலாளராக அப்போது இருந்த எச். ராஜா, நடிகர் விஜயை 'ஜோசப் விஜய்' என்று அழுத்திக் குறிப்பிட்டு, அப்பெயர் தாங்கிய வாக்காளர் அடையாள அட்டையையும் பொதுவில் பகிர்ந்தார். ஒரு பெயரைச் சொல்வதே குற்றச்சாட்டாக முடியும் என்பது அவர் கணிப்பு. சில நாட்களில் விஜய் தம் ஆதரவாளர்களுக்கு நன்றி கூறி ஒரு மடல் வெளியிட்டார். அதன் அடியில் 'சி. ஜோசப் விஜய்' என்றே கையொப்பமிட்டிருந்தார். அவர் படங்களைப் பற்றியோ அரசியலைப் பற்றியோ நமக்கு இங்கு பேச்சில்லை. பழியாக எறியப்பட்ட பெயரை அவர் கையொப்பமாக எடுத்துக்கொண்டார். அதன்பின் அந்தப் பழிக்கு உயிர் இல்லாமற் போயிற்று. மறைத்தவனுக்கே வெளிப்படும் அச்சம் உண்டு. மறைக்காதவனிடம் எதை வெளிப்படுத்திக் காட்ட இயலும்?

ஊரார் என்ன சொல்வர், உறவினர் என்ன நினைப்பர் என்னும் தொல்லை நம் காலத்தில் தோன்றியதன்று. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எலிசபெத்தின் மகனுக்குப் பெயரிடும் நாளில் அண்டை வீட்டாரும் சுற்றத்தாரும் கூடி, தந்தையின் பெயரையே வைக்கப் பார்த்தனர். தாய் மறுத்து, வேறு பெயர் சொன்னார். உங்கள் குலத்தில் அப்பெயருடையார் எவருமில்லையே என அவர்கள் வாதிட்டனர். பேச்சிழந்திருந்த செக்கரியா பலகை ஒன்றை வாங்கி, பிள்ளையின் பெயர் யோவான் என எழுதினார். எழுதிய உடனே அவர் நா கட்டவிழ்ந்தது. அன்று அந்த வீட்டில் இரண்டு பெயர் வைக்கப்படவில்லை. சுற்றத்தாருக்காக ஒன்று, கடவுளுக்காக ஒன்று என்று அந்த முதியவர் சமரசம் பேசவில்லை.

தானியேல் நூலிலோ பாபிலோனிய அரண்மனை அலுவலன் யூத இளைஞர் நால்வரின் பெயர்களை மாற்றினான். அங்கு மாற்றியவன் அந்நியன். நம் வீடுகளில் அந்த வேலையை எவரும் ஏவாமல் நாமே செய்துகொள்கிறோம்.

"அப்படியானால் எல்லாரும் அந்தோணி, பிரான்சிஸ் என்றுதான் பெயர் வைக்க வேண்டுமா? மேல்நாட்டுப் பெயர்தான் கிறிஸ்தவப் பெயரா?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. இதற்கு விடை காணாமல் பெற்றோரை மட்டும் சாடுவது நேர்மையாகாது. ஏனெனில் இக்குழப்பத்தில் திருச்சபையின் பழைய வழக்கங்களுக்கும் பங்குண்டு.

முத்துக்குளித்துறை மக்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றபோது பர்னாந்து, ரொட்ரிகோ போன்ற போர்ச்சுகீசியப் பெயர்களும் அவர்களை வந்தடைந்தன. கிறிஸ்தவராவது பரங்கியராவதே என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றியது. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி இந்த எண்ணத்தோடுதான் வாழ்நாளெல்லாம் போராடினார். தம்மைப் பரங்கி என அழைப்பதை மறுத்து, தத்துவ போதகர் எனத் தமிழ் மண்ணில் பெயர் பெற்றார். அவர் 1656இல் உயிர் நீத்தது வேறெங்கும் அன்று, நம் மயிலாப்பூரில்தான். ஆனால் 1704இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் தெ தூர்னோன் பிறப்பித்த ஆணை, திருமுழுக்கில் உரோமை மறைசாட்சியர் பட்டியலில் உள்ள புனிதர் பெயரையே சூட்ட வேண்டும் எனக் கட்டளையிட்டது. திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் 1744இல் இதனை உறுதிப்படுத்தினார்.

அதற்கு அடுத்த ஆண்டே நடந்ததைக் கவனியுங்கள். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நட்டாலத்து நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் புனிதர் பெயர் அவருக்கு இடப்பட்டது. ஆனால் 'கடவுளின் துணை' என்ற அதன் பொருளைத் தமிழாக்கி, தேவசகாயம் என்றே மக்கள் அவரை அழைத்தனர். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு மறைசாட்சியாக மாண்ட அவர், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். உலகத் திருச்சபையின் பீடத்தில் இன்று ஒலிப்பது அந்தப் பெயர்தான். ஆணையும் மீறப்படவில்லை, தமிழும் கைவிடப்படவில்லை.

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியில் சூசையப்பர் 'வளன்' என்றும் திருமுழுக்கு யோவான் 'கருணையன்' என்றும் பெயர் பெற்றனர். எபிரேயப் பெயர்களின் பொருளறிந்து செய்த தமிழாக்கங்கள் இவை. ஓரியூரில் குருதி சிந்திய தெ பிரிட்டோ, அருளானந்தர் ஆனார். இலத்தீனில் 'சிறியவர்' எனப் பொருள்படும் பவுல், நம் முன்னோர் வாயில் சின்னப்பர் ஆனார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் உருவாகப் பாடுபட்ட ஈழத்துக் குரு சேவியர் ஸ்தனிஸ்லாஸ், தனிநாயகம் அடிகள் என்ற பெயராலேயே உலகறிந்தார். பெயரில் விசுவாசமும் தமிழும் ஒருங்கே வாழ முடியும் என்பதற்கு இதற்கு மேலும் சான்று வேண்டுமோ?

இந்தச் செல்வத்தை நாம் மெல்ல மெல்ல இழந்து வருகிறோம். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு கிறிஸ்தவ ஒற்றுமைக்கு ஆற்றிய பணி பெரிது. அதை நாம் போற்றுகிறோம். ஆயினும் அதில் அருளப்பர் யோவானாகவும், சின்னப்பர் பவுலாகவும், இராயப்பர் பேதுருவாகவும் மாறியபின், அருளப்பன் என்ற தாத்தாவின் பெயர் யாருடையதென்று பேரனுக்குத் தெரியவில்லை. பொருள் தெரியாத பெயர் நாட்டுப்புறமாகத் தோன்றுகிறது. நாட்டுப்புறமாகத் தோன்றுவது பதிவேட்டுக்குள் ஒளிக்கப்படுகிறது.

மறுபக்கம், அன்பரசன், இறையன்பு என்று பெயர் சொன்னால் "இது கிறிஸ்தவப் பெயரா?" என முகஞ்சுளிக்கும் பெரியவர்களும், சில இடங்களில் பங்குத்தந்தையரும் உள்ளனர். அவர்களுக்குச் சட்டத்தையே சுட்டிக் காட்டுவோம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 855ஆம் எண்ணில், கிறிஸ்தவ உணர்வுக்கு அயலான பெயர் சூட்டப்படாமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டுமே பணிக்கிறது. புனிதர் பெயர்தான் வேண்டுமென அது கட்டாயப்படுத்தவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, கிறிஸ்தவ மறைபொருளையோ நற்பண்பையோ குறிக்கும் பெயரையும் ஏற்கிறது. அன்பைவிடக் கிறிஸ்தவமான பண்பு எது? அருளைவிட ஆழமான மறைபொருள் எது?

இங்கு நம் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயரை மறைப்போர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்த நாம் துணியோம். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கு வழங்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், திருமுழுக்குப் பெற்றதையும் ஆலயம் சென்றதையும் சான்றாகக் கொண்டு அவ்வுரிமையை மறுத்தது. தீண்டாமை திருமுழுக்கோடு நீங்கிவிடுகிறதா என்று அந்த மக்களைக் கேட்டால் விடை கிடைக்கும். தன் பிள்ளையின் கல்விக்காக இரண்டு பெயர்களுக்கிடையே நடுங்கி நிற்கும் ஏழைத் தந்தைமீது கல்லெறிய நமக்கு உரிமையில்லை. அவரை அந்நிலையில் நிறுத்திய சட்டத்தை எதிர்ப்பதே நம் கடமை. கல்லறையிலும்கூடச் சாதி பிரித்த நம் வரலாற்றுக்கு மனம் வருந்துவதும் நம் கடமை. தேவசகாயத்தின் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை 2020இல் உரோமை நீக்கியது. நம் திருமண அழைப்பிதழ்களில் அது நீங்கிவிட்டதா?

ஆதலால் நம் வாதம் அவர்களை நோக்கியதன்று. இழப்பதற்கு ஏதுமின்றி, நல்ல வேலையும் சொந்த வீடும் இருந்தும், பக்கத்து வீட்டாரின் புருவம் உயருமோ என்று மட்டுமே அஞ்சும் நம்மை நோக்கியது. எண்கணிதம் பார்ப்பவரிடம் சென்று, ஆங்கில எழுத்தில் ஓர் 'ஏ'யும் ஓர் 'எச்'சும் கூடுதலாகச் சேர்த்துவிட்டு, ஞாயிறன்று நற்கருணை வாங்க வரும் நம்மை நோக்கியது. புனிதரின் பரிந்துரையை நம்பக் கூசுகிறோம். எழுத்தின் எண்ணிக்கையை நம்பக் கூசவில்லை!

உலகியல் நோக்கிலும் இந்த இரட்டை வழக்கம் பயனற்றது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அந்நாள் தொட்டுப் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே சான்று. திருமணத்துக்கோ திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும். அன்று இரண்டு தாளிலும் இரண்டு பெயர் இருந்தால், மணமகன் இவன்தானா என்று பங்கு அலுவலகத்தில் கேள்வி எழும். பிறப்பைப் பதிந்தபின் பெயரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணமே இல்லை. எனவே அவசரமும் இல்லை. மருத்துவமனைப் படிவத்தில் எதையோ எழுதிவிட்டுப் பின்னர் ஆலயத்துக்கு வருவதைவிட, பங்குத்தந்தையோடும் பாட்டியோடும் அமர்ந்து பேசிவிட்டு ஒரே பெயரை இரு பதிவேட்டிலும் எழுதலாமே.

மயிலாப்பூரில் வாழும் நமக்கு இன்னொரு பாடமும் கண்முன் நிற்கிறது. 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டோடு நிற்கும் பிரகாச மாதா கோயிலை நம் மக்கள் காட்டுக்கோயில் என்பர். அதன் போர்ச்சுகீசியப் பெயர் 'லூஸ்'. ஒளி என்பது பொருள். கபாலீசுவரர் கோயிலுக்குச் செல்லும் பாட்டியும், காய்கறி வாங்க வரும் மாமியும், பேருந்து நடத்துநரும் நாள்தோறும் 'லஸ்' என்கின்றனர், 'சாந்தோம்' என்கின்றனர். புனித தோமாவின் பெயரையும் அன்னையின் பெயரையும் அவர்கள் எவ்விதக் கூச்சமுமின்றிச் சொல்கின்றனர். அவர்கள் தெருவுக்கு உறுத்தாத பெயர் நம் தொட்டிலுக்கு மட்டும் உறுத்துவானேன்?

அந்தத் திருமுழுக்கு நாளில் விருந்து முடிந்து புறப்படும்போது, பாட்டி பேரனை மடியில் கிடத்தி, "சூசை, என் ராசா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார். குழந்தை அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தது. அதற்கு அப்பெயர் பிடித்திருந்தது. ஊரார் என்ன நினைப்பார்கள் என்பதை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. நாம் கற்றுக்கொடுக்காமல் இருந்தால் போதும்.