"இன்னும் பறக்குதுல்ல?" – டிரோன் பேட்டரியை எப்போது நிறுத்தணும்?

1/
நைட் டியூட்டி. மணி ஒன்றரை இருக்கும். வலது கையில் ஈரத்துண்டைச் சுத்திக்கிட்டு ஒரு தம்பி உள்ள வந்தார். வயசு 23. துண்டைப் பிரிச்சா விரல்ல இருந்து முழங்கை வரைக்கும் தோல் உரிஞ்சு கிடக்கு. அதுக்கு மேல பல் பேஸ்ட் வேற.

கல்யாண வீடியோ எடுக்கிற டீம்ல அசிஸ்டண்ட். விடிஞ்சா முகூர்த்தம். லைன் வீட்டுல கட்டிலுக்குப் பக்கத்துலயே டிரோன் பேட்டரியை சார்ஜ் போட்டுட்டுத் தூங்கியிருக்கார். தீப்பிடிச்சதும் வெறுங்கையால எடுத்து வெளிய வீசியிருக்கார்.

"கொஞ்ச நாளாவே உப்பித்தான் இருந்துச்சுங்க டாக்டர். ஓனர்கிட்ட சொன்னேனுங்க. இன்னும் பறக்குதுல்ல, இந்த சீசன் முடியட்டும்னாரு."

இந்தத் திரெட் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

2/
டிரோன் பத்தி டாக்டர் எதுக்குப் பேசணும்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு டிரோன் ஓட்டத் தெரியாது. ஆனா "இன்னும் ஓடுதே" என்பதை தினமும் ஓ.பி.யில் கேட்கிறேன்.

"நெஞ்சு வலி வரும் போகும் டாக்டர், வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கேன்." அவருக்கு இ.சி.ஜி. எடுத்தா நார்மலா வரும். டிரெட்மில்லில் ஓட விட்டாத்தான் அடைப்பு இருக்கிற விஷயம் தெரியும்.

பேட்டரியும் அப்படித்தான். சும்மா வைத்துப் பார்த்தால் பழைய பேட்டரியும் 100% காட்டும். ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட் காட்டும். அது ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. டிரோன் மேலே ஏறும்போது மோட்டார் ஒரே நேரத்தில் நிறைய கரண்ட் இழுக்கும். அதுதான் டிரெட்மில். வயசான பேட்டரியில் உள்மின்தடை கூடியிருக்கும், அதனால் வோல்டேஜ் சட்டென்று சரியும். 40% காட்டிய டிரோன் அடுத்த நிமிஷம் தரைக்கு வரும். கீழே பந்தலில் உட்கார்ந்திருப்பது நம்ம அத்தையும் சித்தப்பாவும்.

3/
உப்புவது ஏன்? லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு இரும்புக் கூடு கிடையாது, மெல்லிய பைதான். உள்ளே இருக்கும் கரைசல் சிதையும்போது வாயு உண்டாகும், பை வீங்கும். "வெயிலுக்கு உப்பியிருக்கு, ஆறினா சரியாயிடும்" என்பார்கள். ஆறினால் கொஞ்சம் சுருங்கலாம். உள்ளே நடந்த சேதம் திரும்பாது.

அந்தச் சேதம் உள்ளுக்குள் ஷார்ட் சர்க்யூட்டில் முடிந்தால், சூடு சூட்டையே வளர்க்கும். ஒரு செல் பக்கத்துச் செல்லைக் கொளுத்தும். அந்த நிலைக்குப் போன பிறகு சார்ஜரைப் பிடுங்கினாலும் நிற்காது.

4/
அப்போ எப்போ நிறுத்தணும்? கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலே போதும்:

✅ உப்பல். கொஞ்சமா, நிறையவா என்ற கணக்கே வேண்டாம். சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா, டிரோனுக்குள் அமுக்கித்தான் போட வேண்டியிருக்கா? முடிஞ்சது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கிற வைத்தியம் மட்டும் செய்யவே கூடாது.

✅ விழுந்தது, நசுங்கியது, தண்ணீரில் நனைந்தது. விழுந்த பிறகு வேலை செய்தாலும் நம்பக்கூடாது. தலையில் அடிபட்டவரை ஏன் அப்சர்வேஷனில் வைக்கிறோம்? அதே காரணம்தான்.

✅ புதுசில் 20 நிமிஷம் பறந்தது இப்போ 16 நிமிஷம்கூட வரவில்லை. கொள்ளளவு 80%-க்குக் கீழ் போனால் ஓய்வு கொடுப்பதுதான் பொதுவான வழக்கம்.

✅ முழு சார்ஜ் செய்த பிறகும் செல்களுக்கு இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் திரும்பத் திரும்ப வருகிறது.

✅ சார்ஜ் போடும்போது வழக்கத்தைவிட அதிகச் சூடு, அல்லது நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாசனை.

✅ சுத்தமாக இறங்கிப் போய் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது.

இதில் எதுவுமே இல்லை, ஆனால் கம்பெனி சொன்ன சார்ஜ் சுற்று எண்ணிக்கை தாண்டிவிட்டது என்றாலும் கூட்டத்துக்கு மேலே பறக்க விடாதீங்க. வாங்கின தேதியை பேட்டரி மேலேயே மார்க்கரில் எழுதுங்க. மருந்து அட்டையில் தேதி பார்க்கிறோமே, அது மாதிரி.

5/
"செல் மட்டும் மாத்தித் தர்றாங்க, பாதி விலைதான்" என்று ஒரு வழி இருக்கு. பழைய பேட்டரிகளில் இருந்து கழற்றிய செல்களைக் கோர்ப்பது. 2023-ல் நியூயார்க் நகரில் மட்டும் லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். அதே வருஷம் அந்த நகரம் மின்சைக்கிள், ஸ்கூட்டர்களுக்கு இப்படிப் பழைய செல்லில் பேட்டரி கட்டி விற்பதைத் தடை செய்தது. வயசு தெரியாத செல்லைப் புது உறையில் போட்டால் அது புதுசாகாது.

6/
நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2022 மார்ச், வேலூர் சின்ன அல்லாபுரம். ராத்திரி சார்ஜில் போட்ட மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, ஒரு அப்பாவும் பள்ளிக்கூடம் படிக்கிற மகளும் இறந்தார்கள். புகையில் மூச்சுத் திணறி. அடுத்த மாதமே தெலங்கானா நிஜாமாபாத்தில், வண்டியில் இருந்து கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போட்ட பேட்டரி வெடித்து 80 வயது முதியவர் ஒருவர் இறந்தார்.

வேலூர் வண்டி சமீபத்தில் வாங்கியதுதான். புதுசுக்கே இப்படி என்றால், உப்பினதைக் கட்டில் பக்கத்தில் வைக்கலாமா?

அதன் பிறகு இருசக்கர, மூன்று சக்கர மின்வாகன பேட்டரிகளுக்கு ஏ.ஐ.எஸ். 156 என்ற தரவிதி கடுமையாக்கப்பட்டது. உங்க டிரோன் பேட்டரி அந்த விதிக்குள் வராது. அதை நிறுத்த வேண்டிய இன்ஸ்பெக்டர் நீங்கதான்.

7/
இப்போ என் கருத்து. கோபம் வந்தாலும் பரவாயில்லை.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். தைக்கும்போது ஒரு ஊசி முறிந்தால் மெஷின் நிற்கணும். முறிந்த துண்டு அத்தனையும் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் ஒட்டி, கையெழுத்து வாங்கின பிறகுதான் புது ஊசி. துண்டு கிடைக்கவில்லை என்றால் அந்த பீஸ்களையே ஒதுக்கி வைப்பாங்க. ஷிப்மெண்ட் எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி. ஏன்? எங்கோ வெளிநாட்டில் ஒரு குழந்தை அந்தச் சட்டையைப் போடப் போகுது.

யாரோ ஒரு குழந்தைக்காக ஊசித்துண்டுக்கு மெஷினை நிறுத்தத் தெரிந்த ஊர் இது. நம்ம வீட்டுக் குழந்தை தூங்கும் அறையில் உப்பின பேட்டரியை நிறுத்தத் தெரியாதா?

ஊசி விஷயத்தில் டெய்லர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. முறிஞ்சா நிறுத்து, அவ்வளவுதான். டிரோன் விஷயத்தில் அந்த விதி இல்லாததால், மாசச் சம்பளத் தம்பி ஓனரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கு. ஆபத்து ஒருத்தருக்கு, மிச்சம் இன்னொருத்தருக்கு. ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன்களுக்கு, தோட்டத்துக்கு மருந்தடிக்கும் டிரோனை வாடகைக்கு விடுபவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: "உப்பினா எங்கிட்ட கேக்காத, ஒதுக்கி வை" என்று இன்றைக்கே சொல்லிடுங்க.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் ஒட்டும் ஆபரேஷனுக்கு நாங்க காசு வாங்க மாட்டோம். ஆனா கேமரா பிடிக்கிற கை மடங்காமல் போனா, அந்தக் கணக்கை யார் தீர்ப்பது?

8/
கடைசியா, நடைமுறை:

✅ முழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ். வாசலை மறிக்கும் இடத்தில் வேண்டாம். மெத்தை, பனியன் வேஸ்ட், துணி மூட்டை பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

✅ வெயிலில் நிறுத்திய காருக்குள் பேட்டரியை விடாதீங்க. பல நாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைங்க.

✅ நிறுத்திய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே வைங்க. குப்பை வண்டியில் போடாதீங்க, நசுங்கினால் அங்கேயும் எரியும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. வாங்கின கடையில் கேளுங்க.

✅ தீப்பிடித்தால் கையால் எடுக்காதீங்க. எல்லோரும் வெளியே வாங்க, கதவைச் சாத்துங்க, 101-ஐ அழையுங்க. அணைந்த மாதிரி தெரிந்தாலும் மறுபடி எரியலாம்.

✅ தீக்காயத்தில் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர். பேஸ்ட், மை, மாவு எதுவும் வேண்டாம். மோதிரம், கயிறு உடனே கழற்றணும்.

✅ புகையைச் சுவாசித்திருந்தால், நல்லா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. "லித்தியம் பேட்டரி" என்று டாக்டரிடம் சொல்லுங்க. அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கலாம், அதுக்குத் தனி வைத்தியம் உண்டு.

9/
அந்தத் தம்பி போன வாரம் டிரஸ்ஸிங்குக்கு வந்திருந்தார். ரெண்டு விரல் இன்னும் முழுசா மடங்கல. பிசியோதெரபி போயிட்டிருக்கு.

"மீதி மூணு பேட்டரி என்னாச்சு?"னு கேட்டேன்.

"ஓனர் அதைத்தான் ஓட்டிட்டு இருக்காருங்க" என்றார்.

உங்க பையில் இருக்கிற பேட்டரியை எடுத்து, மேஜை மேல் வைத்து, ஆடுகிறதா என்று இப்பவே பாருங்க.


– ஒரு அரசு மருத்துவர், எம்.பி.பி.எஸ்., திருப்பூர்