வழக்கம் எது, பிறழ்வு எது?

கண்காணிப்பு கேமரா இப்போது படம்பிடிப்பதோடு நிற்பதில்லை. காட்சியில் இருப்பவர் நடக்கிறாரா, சண்டையிடுகிறாரா, திருடுகிறாரா என்று கணினியே சொல்லிவிடும் என்கிறார்கள். கணினிக்குச் சாதி தெரியாது, அதனால் பாரபட்சமும் இருக்காது என்கிறார்கள். சாதி தெரியாததுதான் சிக்கலே.

மனிதர்கள் பெயரிட்டுக் கொடுத்த வீடியோக்களைப் பார்த்தே கணினி பழகுகிறது. 2018இல் வெளியான யுசிஎஃப்-கிரைம் என்ற புகழ்பெற்ற தொகுப்பில் 1,900 வீடியோக்கள், 13 வகை 'அசாதாரண' நிகழ்வுகள். கொள்ளை, அடிதடி, தீவைப்பு, கடைத்திருட்டு எல்லாம் உண்டு. தீண்டாமை இல்லை. அதை நாமே சேர்த்தாலும் கணினி எதைப் பார்க்கும்? டீக்கடையில் ஒருவருக்கு மட்டும் தனிக்குவளை. கணினிக்கு அது 'டீ குடித்தல்'.

2015 ஜூன் 23 அன்று, பொறியியல் பட்டதாரியான தலித் இளைஞர் கோகுல்ராஜ் தன் தோழியோடு திருச்செங்கோடு கோயிலுக்குப் போனார். மறுநாள் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. கோயில் கேமராப் பதிவுகள் வழக்கின் முக்கியச் சாட்சியமாயின. 2022இல் 10 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆட்கள் நடப்பதும் நிற்பதுமான காட்சிகளில் ஆணவக்கொலையின் தடத்தைக் கண்டவர்கள் மனிதர்கள். சாதி என்றால் என்னவென்று தெரிந்தவர்கள்.

இன்னொரு முறையும் உண்டு. ஓர் இடத்தின் அன்றாடக் காட்சிகளைக் கணினி பழகிக்கொள்ளும். அதிலிருந்து விலகுவதையெல்லாம் சந்தேகத்துக்குரியது எனக் காட்டும். நம் ஊர்களில் அன்றாடம் என்பது எது? சேரிக்காரர் நுழையாத கோயில், அவர்கள் ஊர்வலம் போகாத தெரு. அங்கே முதன்முதலாக உரிமையோடு நுழையும் கூட்டம்தான் 'பிறழ்வு' ஆகும். எச்சரிக்கை மணி காவல் நிலையத்தில் அடிக்கும்.

பிறப்பை வைத்தே சந்தேகித்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் அது நீக்கப்பட்டது. அந்தப் பார்வை காவல் நிலையங்களை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. அதே பார்வை நாளை 'கணினி சொன்னது' என்ற பெயரில் வந்தால், யாரிடம் போய் வாதாடுவது?

எனவே, இக்கருவிகளை அரசு வாங்குமுன் நாம் கேட்க வேண்டியவை உண்டு. எந்த வீடியோக்களைக் கொண்டு பழக்கினீர்கள்? சந்தேகம் என்று பெயரிட்டவர் யார்? தவறாகப் பிடிபட்டவர் எங்கே முறையிடுவது? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வரும்வரை, அந்தக் கேமரா நம் தெருவுக்கு வேண்டாம்.